பாட்டு நிற்கும் வாசல்

மார்கழி ஆறாம் தேதி விடியற்காலையில் பஜனைப் பாட்டு ஒரு வாசல் தள்ளித் தொடங்கியது.

கம்பளிக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்த விஜிதரனுக்கு முதலில் அது உறைக்கவில்லை. தகரக் கூரையில் இரவெல்லாம் சேர்ந்த பனி ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அணைந்த அடுப்பிலிருந்து ஈர விறகின் புளித்த வாசனை வந்தது. பக்கத்தில் ஏழு வயது மகள் யதுஷா முழங்காலைத் தாடைவரை இழுத்துக்கொண்டு மூக்கடைப்போடு உறங்கினாள். வெளியே, கோவிலடியில் கிளம்பிய பாட்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கடந்து, தேயிலைச் சரிவில் படிப்படியாக இறங்கி, ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பரா வரிசையாக உள்ள அவர்களுடைய லயத்தின் முதல் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஜால்ரா, டோல்கி, ஏழெட்டு ஆண் குரல், குளிரில் கட்டிப்போன இரண்டு மூன்று பெண் குரல். முதல் வாசல், இரண்டாம் வாசல், மூன்று, நான்கு.

ஐந்தாவது அவனுடையது. அங்கே பாட்டு நின்றது. நிற்கத்தான் வேண்டும். கல்லுமலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் அது பழைய வழக்கம். சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்பும்வரை, பஜனைக் கூட்டம் அந்த வாசலைக் கடக்கும்போது ஜால்ராவை நெஞ்சோடு அழுத்திப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு, செருப்புச் சத்தம் மட்டும் கேட்க நடந்துபோகும். அடுத்த வாசலில் கால் வைத்ததும், விட்ட அடியிலிருந்து பாட்டைப் பிடித்துக்கொள்ளும். விஜிதரனின் மனைவி தனுஜா ஆடி மாதத்தில் செத்துப்போனாள். ஆகவே செருப்புச் சத்தம் ஐந்தாம் வாசலைக் கடந்தது.

ஆறாம் வாசலையும் கடந்தது.

ஏழாம் வாசலில்தான் மறுபடி ஜால்ராத் தாளம் விழுந்தது.

ஆறாம் காம்பராவில் யாரும் சாகவில்லை. அங்கே இருப்பவர் சிவசாமி, பென்ஷன் வாங்கிய மனிதர், தனி ஆள். நடுச்சுவர் மெல்லியது என்பதால் அவர் இருமுவதும் காறுவதும் கட்டில் கிறீச்சிடுவதும் எல்லாமே விஜிதரனுக்குக் கேட்கும். இப்போதுகூட அவர் நெருப்புப் பெட்டியை உரசும் சத்தம் கேட்டது.

காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் திலக்ஷனைப் பிடித்தான். இந்த வருஷம் பஜனையை நடத்துகிறவன் திலக்ஷன். பதினான்கு வருஷமாக அதை நடத்தியவன் விஜிதரன்தான். துக்கக்காரன் வாத்தியத்தைத் தொடக்கூடாது, கூட்டத்தோடு போகவும் கூடாது என்பதால் வீட்டில் கிடக்கிறான்.

"ஏன் தம்பி, ஆறாம் நம்பர்ல பாடாம போனீங்க?"

திலக்ஷன் பல் துலக்கிய நுரையைத் துப்பிவிட்டுப் பார்த்தான். "பாடினோமே அண்ணே. சிவசாமி மாமா கற்பூரம் காட்டினாரு. நல்லாயிருக்கு, இன்னொருக்கா பாடுங்கடான்னு சொல்லி ரெண்டு தரம் பாட வச்சாரு."

"எனக்குக் கேக்கலையே."

"தூங்கியிருப்பீங்க."

இருக்கலாம் என்று விஜிதரன் வேலைக்குப் போனான். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மேல்தளத்தில் அவனுக்கு வேலை. பெரிய காற்றாடிகள் நாள் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருக்க, பச்சைக் கொழுந்து வாடி வதங்கும் வாசனையில் தலை கிறுகிறுக்கும். இப்போதெல்லாம் அதுவும் இல்லை. எந்த வாசனையும் அவனை ஒன்றும் செய்வதில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து சொன்னான். சிவசாமி வாசலில் வெயில் காய உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். கையில் இருந்த தேத்தண்ணி ஆறக்கூட இல்லையாம்.

எழுபத்தெட்டு வயசு, நெஞ்சுச் சளி, மார்கழிக் குளிர். கேட்டவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விஜிதரன் மட்டும் பிணத்தின் தலைமாட்டில் நின்று, பாதி திறந்திருந்த அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் தான் செய்ததை நினைத்துப் பார்த்தான்.

பெட்டியைத் திறந்திருந்தான்.

பெட்டி என்றால் ஆர்மோனியம். மஸ்கெலியா டவுனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நஜீம் நானாவிடம் பதினான்கு வருஷத்துக்கு முன் வாங்கியது. கறுப்பு மரம், மஞ்சளேறிய கட்டைகள், முதுகில் தோல் ஒட்டிய துருத்தி. அவன் முதல் அடி பாடுவான், தனுஜா பக்கத்தில் உட்கார்ந்து பதில் அடி பாடுவாள். இந்த மேல்கணக்கில் யாரோ எப்போதோ கட்டிய பாட்டு.

*வாசல் தொறங்க, மகமாயி வாறா* என்பான் இவன்.

*வந்தா இருக்கச் சொல்லு, வாசல்ல நிக்க வேணாம்* என்பாள் அவள்.

அவளைக் குளவி கொட்டியது லயத்துக்கு நேர்மேலே உள்ள மலையில். மருந்தடிக்கும் ஆளின் முதுகில் இருந்த தெளிப்பான் மோதி கூடு கலைந்ததாம். நாலு பேர் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். லொறி வரும்வரை வீட்டுக்குள் கிடத்தினார்கள். முன் காம்பராவில் இடம் இருந்தது பெட்டியின் பக்கத்தில் மட்டும்தான். முகம் வீங்கி, கழுத்து வீங்கி, தொண்டை அடைபட்டு, அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சும் மெல்லிய கீச்சென்ற ஒலியோடு போனது. நாற்பது நிமிஷம். லொறிச் சத்தம் வளைவில் கேட்டபோது அவள் தலையைத் திருப்பி, பெட்டியின் முதுகுப்பக்கம் முகத்தை வைத்து, ஒரு நீண்ட மூச்சு விட்டாள். திரும்ப இழுக்கவில்லை.

நாலாம் காம்பராக் கிழவி அழகம்மாதான் அப்போது அதைக் கவனித்தவள். "பொட்டிய மூடி வெளிய வச்சிருக்கணுமேப்பா," என்றாள், பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "உசிரு போற வீட்ல வாத்தியம் வாயத் தொறந்துகிட்டு இருக்கலாமா?" முந்தின இரவு பாடிவிட்டு, துருத்தியின் கொக்கியை மாட்டாமல் விட்டிருந்தான். பஜனைக்காரன் எவனும் செய்யாத தவறு. துருத்தி ஒரு சாண் விரிந்து நின்றது. விஜிதரன் போய் அழுத்தி மூடிக் கொக்கியை மாட்டினான். அவன் செய்தது அவ்வளவுதான்.

அழவில்லை. அன்றும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. கல்லுப் பிள்ளையார் என்று ஸ்டோரில் முதுகுக்குப் பின்னால் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள்மேல் கோபமும் வரவில்லை. அடுப்பில் கைபட்டால் கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டது தெரிந்தது. யதுஷா ராத்திரியில் அம்மாவைக் கேட்டு அழும்போது, பிள்ளை அழுகிறாளே, முதுகைத் தடவ வேண்டும் என்று யோசித்துத்தான் கை நீட்டினான். மரத்துப்போன காலில் ஊன்றி நடக்கிற மாதிரி நாட்கள் நடந்தன.

கார்த்திகையில் ஒரு நாள் பெட்டியை வெறுமனே துடைக்க எடுத்தான். கை தானாகக் கட்டைகளில் போனது. முதல் அடியை வாய்க்குள் முணுமுணுத்து நிறுத்தியபோது, துருத்தி தணியும் சத்தத்துக்குள் ஒரு கீச்சு கேட்டது. மெல்லிய, அடைபட்ட கீச்சு. அவளுடைய மூச்சு. அந்தக் கணம் அவன் நெஞ்சில் ஊசி ஏறினாற்போல் வலித்தது. நாலு மாதத்தில் அவன் உணர்ந்த முதல் வலி. மறுநாள் அடைக்கோழி முட்டைமேல் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தது. அதையும் இதையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

மார்கழி ஐந்தாம் தேதி மாலை இரண்டாம் தரம் வாசித்தான். இப்போது கீச்சு இல்லை, முனகல். பாட்டின் சுதியில், சரியான இடத்தில். விடிந்தால் ஆறாம் வாசலில் பாட்டு இல்லை.

சிவசாமியை அடக்கம் பண்ணி வந்த பிறகு பெட்டிமேல் துண்டைப் போர்த்திப் பழைய சாக்கையும் போர்த்தினான். இனி தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டான். நாலு நாள் தொடவில்லை.

பத்தாம் தேதி நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. எதிர்மலை போய், கோவில் போய், பீலிக்கரை போய், கடைசியில் வாசலில் இருந்த ரோஜாத் தொட்டியும் போயிற்று. வெண்மை மட்டும் வாசல்வரை வந்து நின்றது. யதுஷா அழகம்மாவிடம் தலை வாரிக்கொள்ளப் போயிருந்தாள். தாய் செத்த நாளிலிருந்து அவளுக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் அழகம்மாதான். சொந்தப் பாட்டிகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். வீட்டில் விஜிதரன் தனியாக இருந்தான். நனைந்த தோலின் வாசனை அடித்தது. சாக்கின் அடியில் ஏதோ மெதுவாக விரிந்தது. கொக்கி மாட்டித்தானே வைத்தோம் என்று நினைத்தான். சாக்கு ஒரு விரல்கடை உயர்ந்தது. நின்றது. தணிந்தது.

எழுந்து ஓடியிருக்கலாம். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் என்று ஒன்று வந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது. துண்டை விலக்கினான்.

*வாசல் தொறங்க, மகமாயி வாறா.*

பெட்டிக்குள்ளிருந்து சளி கட்டிய அவள் குரல் வந்தது. *வந்தா இருக்கச் சொல்லு.* பாதி அடி. அதோடு மூச்சு தீர்ந்ததுபோல் அறுந்தது.

பதினோராம் தேதி விடியற்காலை அவன் படுக்கவே இல்லை. சுவரில் முதுகை வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். முதல் வாசல். பாட்டு. இரண்டு. பாட்டு. மூன்று. பாட்டு. அடுத்து செருப்புச் சத்தம். வெறும் செருப்புச் சத்தம். நாலாம் வாசல். அவனுடையது. சிவசாமியுடையது. ஏழாம் வாசலில் ஜால்ரா.

கதவைத் திறந்துகொண்டு ஓடினான். அழகம்மா வாசலில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தாள். "என்னப்பா, இப்பிடி வெறச்சிக்கிட்டு வார? பாட்டுக் கேட்டியா? திலக்ஷன் பரவால்லப்பா. ஒன்னளவுக்கு இல்ல."

"அழகம்மாத்தே, இன்னைக்கி வேலைக்குப் போகாதீங்க."

"போகாம? கைக்காசு வேலையும் போச்சுன்னா யாரு தருவா?" சிரித்தாள். "நீ வாய்விட்டு ஒரு தரம் அழுதிரு. எல்லாம் சரியாயிரும்."

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது? நேற்று நான் வாசித்தேன், இன்று நீங்கள் சாகப்போகிறீர்கள் என்றா? வாய்க்குள் வந்தது, வாயோடு நின்றது. பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், மடுவத்தில் வரிசையில் நின்றபடியே, தலையில் சாக்கோடு அழகம்மா சரிந்தாள். தூக்கியவர்கள் சொன்னது ஒரே சொல். அவ்வளவு லேசாக இருந்தாளாம்.

யதுஷா அன்று முழுக்க அழுதாள். அவன் முதுகைத் தடவினான். குற்றம் செய்தவன் நான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எங்கோ எதிர்மலையில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரித்தான் அது கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போனான். நஜீம் நானா கடையில் ஒரு தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தார்.

"துருத்தி கிழிஞ்சி போச்சா தம்பி?"

"பாருங்க நானா."

அவர் கொக்கியை எடுத்துவிட்டு ஒரு தரம் விரித்தார், அழுத்தினார், விரித்தார். காதை வைத்தார். பிறகு முதுகுப் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர், சட்டென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கிழியல்ல. காத்த இழுக்குது. நல்லா இழுக்குது. ஆனா விடுதில்லயே." பெட்டியைவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "எவ்வளவு காத்து உள்ளுக்குப் போயிக்கி தெரியுமா? எங்க வச்சிக்கிது எல்லாத்தையும்?"

விஜிதரன் சாக்கின் முனையைப் பிடித்து மடித்தான்.

"இங்க வச்சிட்டுப் போங்க தம்பி. நான் ஒடச்சி அடுப்புல போடுறன்."

அதற்குத்தான் அவன் வந்திருந்தான். வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் அவர் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தான். அவர் சொன்னதும் அவன் கைகள் நீண்டு, பெட்டியைச் சாக்குக்குள் வைத்து, முடிச்சுப் போட்டன. நஜீம் நானா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்ல புள்ள ஈக்குதுதானே?" என்று கேட்டார்.

"இருக்கா நானா."

திரும்பி வரும் பஸ்ஸில், வளைவுக்கு வளைவு, மடியில் இருந்த சாக்கு லேசாக ஏறி இறங்கியது. பஸ் குலுங்குகிறது என்று சொல்லிக்கொண்டான். மேல்கணக்குச் சந்தியில் பஸ் நின்ற பிறகும் ஏறி இறங்கியது.

அன்றிலிருந்து விடியற்காலைகள் வேறுமாதிரி ஆயின. மூன்றாம் வாசல்வரை பாட்டு. பிறகு மூன்று வாசலுக்குச் செருப்புச் சத்தம். ஏழாம் வாசலில் பாட்டு. நாலும் ஐந்தும் ஆறும் இப்போது துக்க வீடுகள். மூன்றிலும் வழக்கப்படி பாட்டு இல்லை. யாருக்கும் அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. விஜிதரனுக்கு மட்டும் ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அது தெரிந்தது, கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டான்.

தன் வாசலில் பாட்டு நின்றால், அது செத்தவளுக்காக நிற்கிறதா, சாகப்போகிறவளுக்காக நிற்கிறதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. தெரியவே தெரியாது.

பெட்டியைப் பரணில் ஏற்றினான். ஏணியை எடுத்துப் பின்பக்கம் ஒளித்தான். ஸ்டோரில் காற்றாடி மூச்சு விடும்போதெல்லாம் யதுஷாவின் மூச்சை நினைத்தான். ராத்திரியில் அவள் மூக்கின் அடியில் விரலை வைத்துப் பார்த்தான். சூடாக வந்தது. போனது. வந்தது.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் வேலைவிட்டு வந்தான். மூட்டம் லயத்தின் கோடிவரை அடைத்திருந்தது. வாசலில் யதுஷா நின்றாள். முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டு.

"அப்பா, நா பொட்டிய வாசிச்சேன்."

அவன் உள்ளே பார்த்தான். பெட்டி முன் காம்பராவில், பழைய இடத்தில் இருந்தது. கொக்கி திறந்திருந்தது.

"யாரு எறக்கிக் குடுத்தா?"

"கீழதான் இருந்திச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, அம்மா பாடுறாங்க. நா மொத அடி பாடுனா அவங்க மத்த அடி பாடுறாங்க. முழுசா."

பல் இல்லாததால் அவள் பேச்சில் சகரம் வரும் இடமெல்லாம் ஒரு சின்ன விசில் கலந்து வந்தது. *முழுசா* என்றபோதும் வந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். அடுப்பு மேடையில் வைத்து மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்தான். குச்சியை உரசினான். நெருப்பு விரல்வரை வந்தது. அணைந்தது. இன்னொன்று. அணைந்தது.

முழுசா என்றாளே.

நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவு செய்தான். நம் வாசலில் பாடச் சொல்லலாம். பாட்டு காதில் விழுந்தால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. விழாவிட்டால், அந்தக் கணமே கொளுத்திவிடலாம். இது வெறும் சாக்குப்போக்கு என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திலக்ஷன் வீட்டுக்கு ஓடினான்.

"வேணாம் அண்ணே," என்றான் திலக்ஷன். "வருசம் திரும்பாம சாவு வாசல்ல பாடினா பாடுறவனுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. நீங்க சொல்லிக்குடுத்ததுதானே இது."

"ஒரே ஒரு தரம் தம்பி. எம் புள்ளைக்காக."

விஜிதரன் யாரிடமும் எதுவும் கேட்டவன் அல்ல. திலக்ஷன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான்.

விடிந்தது. விடியவில்லை. வெளுத்தது மட்டும்.

கதவை அகலத் திறந்து வைத்திருந்தான். யதுஷாவுக்குக் கம்பளித் தொப்பி போட்டு, வாசற்படியில், நிலையில் சாய்த்து உட்கார வைத்திருந்தான். சட்டைப் பையில் நெருப்புப் பெட்டி. கையில் போத்தல். அவனுக்குப் பின்னால் இரண்டு எட்டில், துண்டு போர்த்திய பெட்டி.

முதல் வாசலில் பாட்டு. இரண்டில் பாட்டு. மூன்றில் பாட்டு. நாலில் செருப்பு. மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் விளக்கு வந்தது. பிறகு திலக்ஷன். பிறகு மற்றவர்கள். அவன் வாசலில் அரைவட்டமாக நின்றார்கள். திலக்ஷன் கும்பிட்டான். ஜால்ராவை உயர்த்தினான்.

ஜால்ரா மோதியது.

சத்தமில்லை.

வாய்கள் திறந்தன. ஒரே நேரத்தில், எல்லா வாய்களும். ஆவி வந்தது. டோல்கியில் கை விழுந்தது, விழுந்தது, விழுந்தது. கூரையிலிருந்து பனி சொட்டும் சத்தம் கேட்டது. விளக்குத் திரி படபடப்பது கேட்டது. பாட்டு இல்லை.

"அப்பா, நல்லாப் பாடுறாங்க," என்றாள் யதுஷா. தொடையில் தாளம் போட்டாள். சப், சப், சப். அந்தச் சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது. அவளும் கூடப் பாடத் தொடங்கினாள். உதடு அசைந்தது. விசில் கேட்கவில்லை.

திரும்பினான். இரண்டு எட்டு. போத்தலின் மூடியைத் திருகினான். மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு தலையைக் கிறுகிறுக்க வைத்த முதல் வாசனை. துண்டை இழுத்தான்.

துருத்தி விரிந்து நின்றது. ஒரு சாண்.

*வந்தா இருக்கச் சொல்லு.*

தனுஜா.

*வாசல்ல நிக்க வேணாம்.*

முழு அடி. பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தோள் இடிக்க, கொண்டை எண்ணெய் மணக்கப் பாடுகிற குரல். அவனுக்குள் ஏதோ உடைந்தது. அழுதான். ஆடியில் வராதது, பதினாறாம் நாள் வராதது, அழகம்மா சொல்லியும் வராதது, எல்லாம் வந்தது. கன்னம் சுட்டது. வலித்தது. எவ்வளவு நன்றாக வலித்தது. போத்தல் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

ஒரே ஒரு அடி. ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு கொளுத்திவிடலாம்.

உட்கார்ந்தான். வலக்கை கட்டைகளில். இடக்கை துருத்தியில். *வாசல் தொறங்க* என்று பாடினான். பதில் வந்தது. மறுபடி பாடினான். பதில் வந்தது. முதுகுக்குப் பின்னால் தாளம் மெதுவானது. சப். சப்.

சப்.

நின்றது.

எதற்காக நின்றது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் தெரிந்தது. துருத்தியிலிருந்து கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கை அழுத்தியது, விரித்தது, அழுத்தியது. கண்ணீரில் கட்டைகள் வழுக்கின.

வாசலில் யாரோ மண்டியிட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தொப்பி கழன்று படியில் உருண்டது. திலக்ஷன் வாயை அகலத் திறந்து அவன் பக்கம் கையை நீட்டி எதையோ கத்திக்கொண்டிருந்தான். அதுவும் கேட்கவில்லை.

*வாசல் தொறங்க, மகமாயி வாறா.*

*வந்தா இருக்கச் சொல்லு* என்றாள் தனுஜா. அவள் குரலுக்குக் கொஞ்சம் பின்னால், மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்துகொண்டதுபோல், பெட்டிக்குள் இன்னொரு குரல் சேர்ந்தது. சின்னக் குரல். *சொல்லு* என்ற இடத்தில் அதில் ஒரு விசில் இருந்தது.

விஜிதரன் துருத்தியை விரித்து, அடுத்த அடியைப் பாடினான்.